முதல் வகை

பாஸ். சோதனை ஓட்டுகிற நிஜாமுதீன் அந்தக் கனமான கதவைத் தோளால் தள்ளித் திறந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, "மேடம், பாஸ்" என்றபோது நான் சிரிக்கவுமில்லை, கையெடுத்துக் கும்பிடவுமில்லை, "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன், காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது, அவர் பாவம் கையைக் காட்டினார். இப்போது பரிசோதனைக்கூடத்தின் வாசலில், காவலாளி அறையை ஒட்டிப் புங்கமர நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். டிரைவர் சாப்பிட்டு வந்ததும் வேன் கிளம்பும், சென்ட்ரலில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து கோவைக்கு ரயில். மடியில் கைப்பை, அதற்குள் துணியில் சுற்றிய ரிசீவர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அடிக்கடி கையை உள்ளே விட்டு அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன், எங்கே ஓடிவிடப்போகிறது, காலா இருக்கிறது அதற்கு. பாஸ். முதல் வகையில் பாஸ். பிரிசில்லா, நீ பாஸ் ஆகிவிட்டாய், இனி வாயைத் திறந்து சிரிக்கலாம், யாரும் அடிக்கமாட்டார்கள். சிரிக்கத்தான் போனேன், அதற்குள் இந்தக் கைப்பேசி. உள்ளே போகும்போது வாங்கி அணைத்து அலமாரியில் பூட்டிவிடுகிறார்கள், இப்போதுதான் திருப்பிக் கொடுத்தார்கள், உயிர் கொடுத்தவுடன் செல்வின் அழைத்திருக்கிறார் செல்வின் அழைத்திருக்கிறார் செல்வின் அழைத்திருக்கிறார் என்று வரிசையாக வந்து விழுந்தது. திருப்பிக் கூப்பிட்டேன். அடிக்கிறது, எடுக்கவில்லை. என் புருஷன் எப்போது முதல் தடவையில் எடுத்திருக்கிறான்? ரசப்பொடி எந்த டப்பாவில் என்று கேட்கத்தான் கூப்பிட்டிருப்பான். இன்று லீவு போட்டு வீட்டைப் பார்த்துக்கொள்கிற மகாராஜா. ரசப்பொடிதான். வேறென்ன இருக்கப்போகிறது.

வேறென்னவும் இருக்கலாம் என்பதுதான் தொல்லை. மதினி இருக்கிறாள். செல்வினின் அக்கா, லீலாபாய், முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து எங்களோடுதான், இடுப்புக்குக் கீழே அவ்வளவாக பலமில்லை, நாக்குக்கு மட்டும் எந்த ஆபரேஷனும் தேவைப்படவில்லை. பிடித்துக்கொண்டு உட்காருவாள், பிடித்துக்கொண்டு நாற்காலிக்கு மாறுவாள், பிடி தவறினால் விழுவாள். விழுந்தால் கூப்பிட ஒரு பொத்தான், கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கும், அழுத்தினால் சமையலறையில் இருக்கிற ரிசீவரில் மணி அடிக்கும். எங்கள் கம்பெனி சரக்கு, நான் வரைந்த சர்க்யூட். பொத்தானுக்குள் இருப்பது சட்டைப் பித்தான் அளவு பேட்டரி, அது எவ்வளவுதான் கத்தும், முனகும், அவ்வளவுதான். அந்த முனகலை நான்கு சுவர் தாண்டிக் காதில் வாங்கவேண்டியது ரிசீவரின் பாடு. ஊரில் மீதி எல்லாரும் கத்திக்கொண்டிருக்கிறார்கள், கைப்பேசிக் கோபுரம், பக்கத்து வீட்டு இன்டர்நெட் டப்பா, கேட்டைத் திறக்கும் ரிமோட், தெருவில் போகிற கார்ச் சாவி. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது பின்வரிசையில் ஒரு குழந்தை அம்மா என்பதை அம்மாக்காரி மட்டும் கேட்டுவிடுகிறாள் அல்லவா, அந்தக் காது வேண்டும். நல்ல காது போதாது, நல்ல காது மேளத்தையும் நன்றாகக் கேட்கும், அதில் அடைத்துப்போகும். வேண்டாததைத் தள்ளத் தெரிந்த காது. இதைச் சொன்னால் செல்வின், அந்தக் காது எனக்குப் பிறவியிலேயே இருக்கிறது, நீ பேசுவது எதுவும் ஏறுவதில்லை பார் என்பான். சரி, இன்னொரு தடவை போடுகிறேன். அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது. மதினியின் போனுக்குப் போடுகிறேன், தலையணைக்கு அடியில் வைத்திருப்பாள், ரெண்டாவது மணிக்குள் எடுத்து 'என்ன பிள்ளே' என்பாள். அதுவும் அடிக்கிறது.

பகலில் தூங்கமாட்டாள். சில நாள் தூங்குவாள். சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், இரண்டு பேருக்கும் கை எச்சில், அதுதான். எனக்கு எதற்கு இப்படி வேர்க்கிறது, பாஸானவளுக்கு வேர்க்கக்கூடாது. அந்த மணி அடிக்காமல் போன அன்றைக்கு நான் வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸி ஓடவில்லை, டிவி ஓடவில்லை, நான் பாடக்கூட இல்லை, இதை ஏன் நானே எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேனோ தெரியவில்லை, கோர்ட்டிலா நிற்கிறேன். ரிசீவர் மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில், என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது, அதாவது எல்லாம் நலம். காப்பியை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனால் மதினி தரையில் ஒருக்களித்துக் கிடக்கிறாள், நைட்டி முட்டிக்கு மேலே ஏறி, பெருவிரல் பொத்தானின் மேல் அழுந்தி நகம் வெளுத்திருக்கிறது. எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். "மணி அடிக்கல பிள்ளே" என்றாள். திட்டியிருக்கலாம், அவள் திட்டினால் ஒரு தெருவே கேட்கும், அன்று திட்டவில்லை, "நீ வேலையா இருந்திருப்ப" என்றாள், அது செருப்பால் அடித்ததைவிட மோசம். நான் கேட்கவே இல்லை மதினி என்றேன். "அதத்தான் நானும் சொல்லுகேன், அடிக்கல." அன்றே பொத்தானைக் கழுத்திலிருந்து எடுத்துக் கட்டில் தலைமாட்டு ஆணியில் மாட்டினாள், ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் டங்டங் சத்தம்தான். அந்த ஒவ்வொரு டங்கும் என் நடுமண்டையில் விழும். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் வீட்டில் டம்ளரும் கரண்டியும்.

எதிர்வீட்டு மொட்டை மாடியில் புதிதாக முளைத்த கோபுரம்தான் காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. ரிசீவரை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன், பின்கட்டில் அடித்தது, சமையலறை ஜன்னல் பக்கம் சில நேரம் அடித்தது சில நேரம் இல்லை, மொட்டை மாடிக்குப் போனால் செத்த பிணம். கோபுரத்தின் மேல் கோபப்பட்டு என்ன செய்ய, அது அதன் அலைவரிசையில் அதன் வேலையைப் பார்க்கிறது, சட்டப்படி சரி. எங்கள் ரிசீவர்தான் அதைத் தள்ளத் தெரியாமல் திணறுகிறது. அதன் வாசலிலேயே வேண்டாத அலையைத் தள்ளுகிற ஒரு நல்ல ஃபில்டர் வைத்திருந்தால் திணறாது. ஏன் வைக்கவில்லை? ஏனென்றால் எங்கள் ரிசீவர் இரண்டாம் வகை. விதி அப்படி வகை பிரித்து வைத்திருக்கிறது. கேட்காமல் போனால் மனுஷனுக்கு ஆபத்து என்றால் முதல் வகை, கேட்காமல் போனால் வெறும் அசௌகரியம் என்றால் இரண்டாம் வகை, அதற்கும் கீழே ஒன்று. முதல் வகைக்குப் பக்கத்தில் எவன் எவ்வளவு கத்தினாலும் தாங்கவேண்டும், இரண்டாம் வகைக்குக் கொஞ்சம் தாங்கினால் போதும். எந்த வகை என்று தயாரிக்கிறவர்களே சொல்லிக்கொள்ளலாம். மதினி தரையில் கிடந்தது அசௌகரியம். அந்த வார்த்தை என் பல்லில் மாட்டிய கீரை நார் மாதிரி இன்னும் கிடக்கிறது, நாக்கு அங்கேயே போகிறது. கம்பெனிக்குப் போய் சிவசாமி சார் மேஜைமுன் நின்று, முதல் வகையில் போடாவிட்டால் இந்தச் சரக்கில் என் கை படாது என்றேன். நல்ல மனுஷர்தான், கத்தமாட்டார். "ஏனுங்க பிரிசில்லா, ஊரெல்லாம் ரெண்டாவது வகையிலதான போடறாங்க. சரி, செஞ்சு பாருங்க. பாஸாச்சுன்னா எல்லாத்துலயும் அந்த ஃபில்டரப் போட்டுக்கலாம். ஆகலீன்னா பழசே போகட்டும், அப்பறம் எங்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது" என்றார். சண்டைக்கு வரமாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பழசே போகட்டும் என்றால் பழசு எத்தனை வீட்டு மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கும். அங்கெல்லாம் எதிர்மாடியில் கோபுரம் முளைக்காதா.

காலையில் ஃபெயில். உள்ளே இரண்டு ஜெனரேட்டர், மின்சாரத்துக்கு இல்லை, ரேடியோ அலைக்கு, ஒன்று எங்கள் பொத்தான் மாதிரி முனகும், இன்னொன்று கோபுரம் மாதிரி கத்தும், இரண்டையும் ஒரே கேபிளில் கலந்து ரிசீவருக்குள் விடுவார்கள். கத்துகிறவனை முதலில் எங்கள் அலைவரிசைக்கு ரொம்பத் தள்ளி நிறுத்தி, பிறகு மெல்ல மெல்லக் கிட்டே கொண்டுவருவார்கள். முதல் இடத்திலேயே ஃபெயில், கிட்டே கொண்டுவந்த இடங்களிலும் ஃபெயில். நிஜாமுதீன் சேம்பர் என்கிற அந்த மூடிய அறையிலிருந்து வந்து, "டென்ஷன் ஆகாதீங்க மேடம், நெறைய பேருக்கு இங்கதான் அடி விழும்" என்றார். சின்ன வயசு, தாடி, நல்ல பிள்ளை. வரவேற்பறை போனிலிருந்து சிவசாமி சாரைக் கூப்பிட்டேன், அவர் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. "சரி விடுங்க, மத்தியானம் வரைக்கும் ரூம் நம்மளுதுதானுங்க? இன்னொருக்கா ஓட்டிப் பாருங்க. இல்லீன்னா ரெண்டாவது வகைக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துருங்க" என்றார். இன்னொருக்கா ஓட்டினோம். அதே ஃபெயில், அதே அளவு. அங்கே ஒரு பெஞ்சு, ஏசிக் குளிர் முதுகில் ஊசி குத்துகிறது, எதிரே அந்தக் கதவு, விளிம்பு முழுக்கச் செம்புச் சீப்பு மாதிரி வைத்து, மூடினால் ஒரு அலை உள்ளே போகாது. நான் என்னையே தின்றுகொண்டிருந்தேன். ஃபில்டர் போட்டும் ஃபெயில் என்றால் கோபுரம் காரணமில்லையோ, என் சர்க்யூட்டே செவிடோ, அன்றைக்கும் கோபுரம் இல்லாவிட்டாலும் அடித்திருக்காதோ. மதினி நேற்று நான் பெட்டி கட்டும்போது சொன்னாள், ஃபில்டர் போட்ட புது ரிசீவர் இரண்டு செய்ததில் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு, பொத்தானைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன், அவள் டம்ளரைத் தட்டிக்கொண்டே, "ஒனக்க பரிச்ச பாஸாவட்டும், பொறவு பாப்போம்" என்றாள். பொறவு பாப்போம். ஃபெயில் என்று போய்ச் சொன்னால் அந்த டம்ளர் அவள் ஆயுசுக்கும்.

அப்புறம் எப்படி வந்தது அந்த யோசனை? ஏசியின் உஸ் சத்தத்திலிருந்து என்று நினைக்கிறேன். குளிரில் பல் கிட்டும்போது காதில் அந்த உஸ், அதிலிருந்து நாகர்கோவிலில் எங்கள் சபை, கிறிஸ்துமஸ் ஆராதனை, நான் பாட்டுக்குழுவில் இரண்டாம் குரல், ஒலிபெருக்கிக்காரர் எங்கள் பாட்டு பக்கத்து ஊர்வரை கேட்கவேண்டும் என்று குமிழை முழுசாகத் திருகி வைப்பார், யாரும் வாயைத் திறக்கும் முன்பே கோயில் முழுக்க உஸ்ஸென்று ஒரு இரைச்சல், போதகர் ஜெபத்துக்குக் கண்ணை மூடினாலும் உஸ்ஸ், எங்கள் அப்பா முணுமுணுக்கிற ஆமென் பக்கத்தில் நிற்கிற எனக்கே கேட்காது. பாட்டு இல்லாத நேரத்திலும் உஸ். உஸ்ஸுக்கு இடம் கிடையாது, அது எல்லா இடத்திலும் இருக்கும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன், எல்லா இடத்திலும், எல்லா இடத்திலும் என்று அதையே சுற்றிக்கொண்டிருந்தேன். கத்துகிற ஜெனரேட்டரையும் முழுசாகத் திருகித்தானே வைத்திருக்கிறார்கள். அதற்கும் உஸ் இருக்கும். அந்த உஸ் அவன் நிற்கிற இடத்தோடு நிற்காது, எங்கள் பொத்தான் முனகுகிற அந்த ஒல்லி இடத்திலும் வந்து உட்காரும். எங்கள் ஃபில்டர் வேறு அலைவரிசையில் வருகிறவனைத் தடுக்கும், எங்கள் வாசல் வழியாகவே வருகிறவனை எப்படித் தடுக்கும்? அப்புறம்தான் மண்டையில் உறைத்தது, முதல் இடத்தில் ஃபெயிலான அளவும் கிட்டே வந்தபோது ஃபெயிலான அளவும் ஒன்று. என் ரிசீவர் செவிடாக இருந்தால் தள்ளி நிற்கும்போது கொஞ்சமாவது நன்றாகக் கேட்டிருக்கவேண்டும். எவ்வளவு தள்ளி நின்றாலும் ஒரே அளவு என்றால் குற்றம் கேட்கிறவனிடம் இல்லை, கத்துகிறவனிடம். நான் எழுந்த வேகத்தில் ஒரு செருப்பு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது, ஒற்றைச் செருப்போடு கதவைத் தட்டினேன், அந்தக் கதவைத் தட்டினால் உள்ளே கேட்காது என்பதுகூட மறந்து தட்டினேன், பிறகு பக்கத்திலிருந்த மணியை அழுத்தினேன்.

"நிஜாமுதீன், கத்துற ஜெனரேட்டர் வாயில ஃபில்டர் மாட்டியிருக்கா?" அவர் திரும்பிப் பார்த்தார். கேபிளைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ மேடம். நேத்து சாயந்திரம் கேட் ரிமோட் பார்ட்டி ஒண்ணு வந்தாங்க, அவங்க அலைவரிசை வேற, கழட்டினேன். திருப்பி மாட்டவே இல்ல." மேஜைக்கு அடியிலிருந்து ஒரு நீள அலுமினிய டப்பாவை எடுத்துக்காட்டினார், அதுதான், ஜெனரேட்டரின் உஸ்ஸை எங்கள் இடத்தில் விழாமல் வடிக்கிற டப்பா. "ஸாரி மேடம், என் மேலதான் தப்பு. காலையில முழுக்க உங்களக் கொன்னுட்டேன்." எனக்குக் கோபமே வரவில்லை, எனக்குக் கோபம் வராதது ஒரு அதிசயம், செல்வினிடம் சொன்னால் நம்பமாட்டான். "மாட்டுங்க, மாட்டுங்க" என்றேன், "மாட்டிட்டு ஓட்டுங்க." மதினி ஒருநாளும் என்னை நீ காதில் வாங்கவில்லை என்று சொல்லவில்லை, நான்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தப் பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தபோது குளிர் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவு, தலை, தாடி, பாஸ். எல்லா இடத்திலும் பாஸ், கத்துகிறவன் மூக்கோடு மூக்கு வந்து நின்றபோதும் முனகலை ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறது என் செல்லம். சிவசாமி சாருக்குச் சொன்னேன், "ஃபில்டரு வாங்கச் சொல்லிடறனுங்க" என்று உடனே சொன்னார், சொன்ன சொல் மாறாத மனுஷர். எவ்வளவு லேசாக இருந்தது அப்போது, ஈரத்துணியை உதறி எடுத்த மாதிரி.

இப்போது அந்த லேசு எங்கே போயிற்று. இன்னொரு தடவை செல்வின். அடிக்கிறது. மதினி. அடிக்கிறது. சேம்பருக்குள் பாஸானது சேம்பருக்குள்தான், அங்கே கோபுரம் கிடையாது, கோபுரம் மாதிரி ஒரு பெட்டிதான். வீட்டில் உண்மையான கோபுரம் நிற்கிறது. அவள் பொத்தான் போட்டிருக்கமாட்டாள், ஆணியில் தொங்கும். டம்ளரைத் தட்டியிருப்பாள், செல்வின் கேட்டிருக்கமாட்டான், வழுக்கி விழுந்திருப்பாள், அதற்குத்தான் அவன் என்னைக் கூப்பிட்டான், ஆஸ்பத்திரியில் போனை எடுக்க முடியாமல். என் போன் அலமாரியில் பூட்டிக்கிடந்தது, மணியே அடிக்காமல். மணி அடிக்கல பிள்ளே. சும்மா இரு, பிரிசில்லா, ரசப்பொடி. டிரைவர் பல் குத்திக்கொண்டே வருகிறார், காவலாளி "வண்டி ரெடிம்மா" என்கிறார், நான் எழுந்திருக்கவில்லை. கர்த்தாவே, ரசப்பொடியாக இருக்கட்டும். கை தானாகக் கைப்பைக்குள் போய் ரிசீவரைப் பிடித்துக்கொள்கிறது. போன் அதிர்கிறது. மதினி.

"என்ன பிள்ளே, கெடந்து விளிச்சுகிட்டே இருக்க?"

"மதினி! எங்க போனீங்க எல்லாரும்? ஏன் எடுக்கல?"

"எனக்க போன அவன் சார்ச்சுக்குப் போடுகேண்ணு ஹால்ல கொண்டு வச்சிட்டான். அவனுக்க போனும் அங்கதான் கெடக்கு. ரெண்டும் மாறி மாறி அடிக்குவு, நான் எந்திச்சி ஓடவா முடியும்?"

"டம்ளர அடிக்க வேண்டியதுதான?"

"டம்ளரத் தேச்சு வைக்கேண்ணு காலையிலயே எடுத்துட்டுப் போனான் ஒனக்க மாப்பிள. திருப்பித் தரணும்ணு புத்தி வேணும்லா. கையில ஒண்ணுமில்லாம எப்பிடி இருக்க? ஆணியில தொங்குனத எடுத்துக் கழுத்துல போட்டேன். இப்ப நீ விளிச்சது கேட்டு அத அமுக்குனேன். வந்தான். போன எடுத்துத் தந்தான்."

பின்னால் செல்வினின் குரல், "ரசப்பொடி எங்க இருக்குன்னு கேளு அக்கா, காலையிலேர்ந்து கேக்கேன்."

எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சோடு கண்ணீரும் வந்தது, மூக்கும் ஒழுகியது, டிரைவர் வேறு பக்கம் பார்த்தார். செல்வின் சமையலறையில் நின்றிருப்பான், பின்கட்டில் நின்றிருப்பான், அங்கெல்லாம் பழசுகூடச் சில நேரம் அடிக்கும். கேட்கவேண்டாம் என்று நினைத்தேன், ஆனாலும் கேட்டேன்.

"அவரு எங்க நின்னாரு மதினி, மணி அடிச்சப்ப?"

"மொட்ட மாடியில. துணி காயப்போட்டுட்டு நின்னான். நீ வச்சிட்டுப் போன அந்தத் தீப்பெட்டிய இடுப்புச் சாரத்துல சொருகிட்டுப் போயிருக்கான். அங்க வச்சு அடிச்சிருக்கு, படியில தடதடண்ணு வந்தான், விழுந்து கால ஒடிச்சிக்குவானோண்ணு நான் பயந்துட்டேன்."

"மொட்டை மாடியிலயா? டவருக்கு எதிர்லயா?"

"டவருக்கு எதிர்லதான். பின்ன மொட்ட மாடி எங்க இருக்கு, வேற ஊர்லயா?"

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பாஸ் என்று இன்னும் அவளிடம் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சொல்ல வாயெடுத்தேன், வேறு வந்துவிட்டது.

"கழட்டிராதீங்க மதினி."

"கழட்டதுக்கா போட்டேன்? அவன் டம்ளரக் கொண்டு வச்சிருக்கான் பாரு இப்ப. அத அடுக்களைக்கே கொண்டு போவச் சொல்லிட்டேன். நீ ரசப்பொடி எங்கண்ணு சொல்லு."